எதற்குப் பின் எது? – ஒரு பியானோ மாலையின் நிரல்

தேர்ந்த பியானோ கலைஞர் ஒருவரின் கையிருப்பில் நாற்பது, ஐம்பது உருப்படிகள் இருக்கும். ஒரு மாலைக்கு மேடையேறுவது ஆறோ ஏழோதான். எந்த ஏழு என்று முடிவு செய்வதே கஷ்டம். அந்த ஏழில் எதற்குப் பின் எது என்பது அதைவிடக் கஷ்டம். கெட்டிக்காரர்கள் கோட்டைவிடும் இடமும் இதுதான். எல்லாம் அருமையான உருப்படிகள், வாசிப்பிலும் குறையில்லை, ஆனாலும் இரண்டாம் பாதியில் சபை நெளிய ஆரம்பித்துவிடும்.

ஒருவரே உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கப் பியானோ வாசிக்கும் வழக்கத்துக்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை. அதற்குமுன் ஐரோப்பியக் கச்சேரி ஒரு கதம்பம். ஒரு பாடகி வருவார், ஒரு வயலின்காரர் வருவார், ஆர்கெஸ்ட்ரா முழங்கும், நடுவே பியானோவும் உண்டு. ஒரே படைப்பின் இரண்டு பகுதிகளுக்கு நடுவில் வேறொருவர் வந்து பாடிவிட்டுப் போவதையும் யாரும் தப்பாக நினைக்கவில்லை. 1839-இல் ரோம் நகரில் துணைக்கு ஆளில்லாமல் தனியாக வாசித்துப் பார்த்தவர் ஃபிரான்ஸ் லிஸ்ட். மறுவருடம் ஜூனில் லண்டன் ஹானோவர் ஸ்கொயர் அரங்கில் வாசித்தபோது ‘ரிசைட்டல்’ என்ற பெயர் விளம்பரத்தில் ஏறியது. அவர் ரோமில் வாசித்தவற்றில் ரோசினியின் ‘வில்லியம் டெல்’ ஓபராவின் முகப்பிசையும் ஒன்று. ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதியதைப் பத்து விரலுக்குள் அடக்கிக் காட்டும் வித்தை அது.

இந்த மேடைக்குக் கனம் சேர்த்தவர் கிளாரா ஷூமன். அறுபது ஆண்டுக்கு மேல் நீண்ட அவருடைய மேடை வாழ்க்கையின் நிகழ்ச்சித்தாள்கள் சுமார் 1,300 பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. காலவரிசையில் புரட்டினால், இளவயதில் வாசித்த விரல்வித்தை உருப்படிகள் மெல்லக் கழன்றுபோய் பாக், பீத்தோவன், ஷோப்பான், கணவர் ராபர்ட் ஷூமன் ஆகியோர் இடம்பிடிப்பது தெரியும். இன்றைய நிரல்களுக்கு அடித்தளம் அங்கே இருக்கிறது. 1885-86 பருவத்தில் ரஷ்யரான ஆன்டன் ரூபின்ஸ்டைன் ஏழு மாலைகளில் பியானோ இசையின் வரலாற்றையே வாசித்துக் காட்டினார். இரண்டாவது மாலையில் மட்டும் பீத்தோவன் சொனாட்டாக்கள் எட்டு! இன்று யாராவது எட்டு சொனாட்டா போட்டால், கதவருகில் இடம் தேடுபவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன்.

இப்போதைய அளவு, இசை மட்டும் எழுபது, எண்பது நிமிடம். நடுவில் ஒரு இடைவேளை. பெரிய படைப்புகளை வைத்தால் இது சட்டென்று நிறைந்துவிடும். ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா சுமார் நாற்பது நிமிடம். லிஸ்டின் பி மைனர் சொனாட்டா நிறுத்தமே இல்லாத அரைமணி. பாகின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை, திரும்ப வாசிக்கச் சொல்லும் இடங்களையும் விடாமல் வாசித்தால் அதுவே முழு மாலை.

நேரக்கணக்கு எளிது. உடம்புக்கணக்குதான் பலருக்குத் தெரிவதில்லை. இடதுகை ஆக்டேவ்களை அடித்து விளாசும் உருப்படிகள் இரண்டை அடுத்தடுத்து வைத்தால், இரண்டாவதில் மணிக்கட்டு இறுகிவிடும். மனப்பாடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. செவ்வியல் சொனாட்டாவின் முதல் பகுதியில் ஒரே கட்டம் இரண்டு முறை வரும். முதல்முறை வேறு ஸ்கேலுக்குத் திரும்பும், மறுமுறை தாய் ஸ்கேலிலேயே தங்கும். விரல் தவறிப் பழைய பாதையில் போய்விட்டால் வாசிப்பவர் மறுபடி ஆரம்பத்துக்கே வந்து நிற்பார். ஒரே மாலையில் இரண்டு மொசார்ட் சொனாட்டா வைப்பவர் இந்த வம்பை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்.

அடுத்தது கருவி. அரங்கில் என்ன பியானோ நிற்கிறது என்று கேட்காமல் நிரல் போடக்கூடாது. ராவெலின் ‘ஸ்கார்போ’ போன்ற உருப்படிகளில் ஒரே கட்டையை மின்னல் வேகத்தில் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். கட்டை முழுக்க மேலே வருவதற்குள் சுத்தியல் மறுபடி அடிக்கத் தயாராகிவிடும் பொறியமைப்பு கிராண்ட் பியானோவில் இருக்கிறது. 1821-இல் பாரிஸின் எரார் நிறுவனம் கொண்டுவந்தது அது. சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோவில் பொதுவாக அந்த வசதி கிடையாது. வீட்டில் கிராண்டில் பழகியதை அப்ரைட்டில் வாசித்தால் பாதி சுரம் ஊமையாகிவிடும். புரோகோஃபியெவ் போல ஓங்கி அடிக்கும் இசை தந்திகளின் சுருதியையும் கலைக்கக்கூடியது. அதை முதல் பாதியின் கடைசியில் வைத்தால் டியூனர் இடைவேளையில் சரிசெய்துவிடலாம்.

இத்தனையையும் கடந்துதான் காது வருகிறது. ஒரு உருப்படி முடிந்த பிறகும் அதன் ஸ்கேலும் வேகமும் கனமும் கேட்பவரின் காதில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அடுத்த உருப்படி விழுவது அந்த ஈரத்தின் மேல்தான். நிரல் போடுவது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான், மற்றதெல்லாம் ஏற்பாடு.

இதை ஒரு நிஜ நிரலில் பார்க்கலாம். 1965 மே 9, நியூயார்க் கார்னகி ஹால். பன்னிரண்டு வருடம் மேடைப்பக்கமே வராத விளாடிமிர் ஹொரோவிட்ஸ் திரும்பி வருகிறார். டிக்கெட்டுக்காக ராத்திரியெல்லாம் தெருவில் வரிசை. அப்படிப்பட்ட நாளில் சின்னதாக ஒரு ஸ்கார்லாட்டி வாசித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டிருக்கலாம். அவர் எடுத்தது பாகின் ஆர்கன் இசையைப் புசோனி பியானோவுக்கு மாற்றிய சி மேஜர் டொக்காட்டா. தொடக்கத்திலேயே சில சுரங்கள் பிசகின. அடுத்தது ஷூமனின் ஃபேன்டஸி. அதுவும் சி மேஜர். ஒரே ஸ்கேலில் இரண்டு பெரிய படைப்பு அலுப்பூட்டாதா? இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதால் பிழைத்துக்கொள்கிறது. பாக் கட்டடம் எழுப்புவதுபோல் ஏறி உச்சத்தில் முடிகிறது. ஷூமன் கொந்தளிப்பில் தொடங்கி, நடுவில் கை பதறும் தாவல்களைத் தாண்டி, கடைசியில் மெல்லிய மெதுநடையில் அடங்குகிறது. முதல் பாதி ஆரவாரமில்லாமல் முடிந்தது. அப்படி முடிக்கத் துணிச்சல் வேண்டும்.

இடைவேளைக்குப் பின் ஸ்கிரியாபினின் ஒன்பதாவது சொனாட்டா. பத்து நிமிடம்கூட வராது; ஆனால் எந்த ஸ்கேல் என்றே காதுக்குப் பிடிபடாத இருண்ட இசை. அத்தனை நேரம் சி மேஜரில் ஊறிய காதுக்கு அது வேறு கிரகம். உடனே அதே ஸ்கிரியாபினின் இனிமையான எஃப் ஷார்ப் மேஜர் ‘போயம்’ வந்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அங்கிருந்து ஷோப்பானின் சி ஷார்ப் மைனர் மசுர்கா. பின்னது முன்னதற்குப் பஞ்சம ஸ்தானம் என்பதால் சபை தடுமாறாமல் உள்ளே நுழைகிறது. பிறகு ஒரு துள்ளல் எட்யூட், முடிவுக்கு ஜி மைனர் பல்லாட். முதல் பாதியில் இரண்டு பெரிய தூண்கள், இரண்டாம் பாதியில் ஐந்து சின்ன அறைகள். எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றின் நீளமும் குறைந்தது, சபை களைக்கவில்லை. நிரல் முடிந்த பின், கைதட்டலுக்குப் பதிலாக நாலு என்கோர் வாசித்தார். கடைசியாக ஷூமனின் ‘ட்ராய்மெராய்’, குழந்தையும் வாசிக்கக்கூடிய அளவு எளியது.

நம் கர்நாடகக் கச்சேரியில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய வரிசையில் துக்கடாக்களும் நிரலின் அங்கம். பியானோவில் அந்த வேலையை என்கோர் செய்கிறது, ஆனால் நிகழ்ச்சித்தாளில் அதற்கு இடமில்லை. சில படைப்புகளுக்குப் பின் என்கோரே கூடாது என்று நினைக்கும் கலைஞர்களும் உண்டு. பீத்தோவனின் கடைசி சொனாட்டாவான ஓபஸ் 111 அப்படிப்பட்டது. நீண்ட ட்ரில்களுக்குப் பின் அது அமைதியாக நின்றுவிடும். அதன்மேல் ஒரு வால்ட்ஸை வைப்பது எனக்கும் ஒப்பவில்லை.

நிரலே வேண்டாம் என்ற கட்சியும் இருக்கிறது. ஆண்ட்ராஸ் ஷிஃப் சமீப ஆண்டுகளில் எதையும் முன்கூட்டி அறிவிக்காமல், மேடையிலேயே சொல்லிச் சொல்லி வாசிக்கிறார். ஐஸ்லாந்துக்காரர் விக்கிங்குர் ஓலாஃப்சன் 2020-இல் வெளியிட்ட ஆல்பத்தில் ராமோவையும் டெபுஸியையும் மாறி மாறிக் கோத்தார். இருவருக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் தூரம். ஆனால் டெபுஸி ராமோவுக்கு அஞ்சலியாகவே ஒரு உருப்படி எழுதியவர் என்பதால் அந்தக் கோவை இயல்பாக நிற்கிறது. காரணம் இல்லாமல் ‘தண்ணீர்’, ‘இரவு’ என்று தலைப்பு ஒட்டும் நிரல்கள் அப்படி நிற்பதில்லை.

சென்னையிலும் கொழும்பிலும் கிரேடு தேர்வுகள் முடித்துவிட்டு முதல் அரைமணி மேடைக்குத் தயாராகும் மாணவர்களுக்கு ஒரு மாதிரி. ஹைடனின் இ மைனர் சொனாட்டா, பிராம்ஸின் ஓபஸ் 118-இல் இரண்டாவதான ஏ மேஜர் இன்டர்மெட்ஸோ, டெபுஸியின் ‘கிளேர் தெ லூன்’, பார்டோக்கின் ருமேனிய நாட்டு நடனங்கள். தாளில் நன்றாக இருக்கிறது. வாசித்துப் பார்த்தால் பிராம்ஸும் டெபுஸியும் ஒன்றை ஒன்று அமுக்கும். இரண்டும் மெல்ல நடக்கும், இரண்டும் உருகும். ‘கிளேர் தெ லூன்’ இருந்த இடத்தில் டெபுஸியின் முதல் அரபெஸ்க்கை எடுத்து, அதை ஹைடனுக்கு அடுத்து வையுங்கள். இ மைனரில் முடிந்த ஹைடனுக்குப் பின் அரபெஸ்க் இ மேஜரில் ஜன்னல் திறக்கும். அங்கிருந்து ஏ மேஜர் பிராம்ஸ், பின் ஏ மைனரில் தொடங்கும் பார்டோக் நடனங்கள். கைதட்டலுக்கு இடம் விடாமல்கூட வாசிக்கலாம்.

இரண்டு மாதத்துக்குள் படித்த எதையும் சேர்க்காதீர்கள். நிரலை அச்சுக்குக் கொடுக்கும் முன், பழக்கமில்லாத ஒரு பியானோவில், நாலு பேரை எதிரே உட்காரவைத்து, முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை நிறுத்தாமல் ஒருமுறை வாசித்துவிடுங்கள். அந்த நாலு பேரில் ஒருவராவது இசை படிக்காதவராக இருக்கட்டும்; எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.