தாய் இறாலின் தீவனமும் குஞ்சின் வலிமையும்

மரக்காணம் முதலிய கடலோர ஊர்களின் பொரிப்பகங்களில் இறால் குஞ்சு வாங்கும் விவசாயிகள் விலையை விசாரிக்கின்றனர். தாய் இறாலுக்கு இட்ட தீவனத்தை விசாரிப்பதில்லை. முட்டையினின்று வெளிவந்த குஞ்சு ஏறத்தாழ இரண்டு நாள் எதையும் உண்பதில்லை. தாய் முட்டையில் சேர்த்துவைத்த கருவுணவே அதனைக் காக்கின்றது. அதில் கொழுப்பு முக்கியமானது.

கொலஸ்டிராலை இறால் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள இயலாது. இன்றியமையாத சில கொழுப்பு அமிலங்களையும் போதிய அளவு உண்டாக்க இயலாது. ஆகவே கணவாய், மட்டி, கடற்புழு ஆகியவற்றைத் தாய்க்கு ஊட்டுகின்றனர். இச்சத்துக் குறைந்தால் முட்டை குறையும், குஞ்சு நலியும். ஆயினும் கடலில் பிடித்த பச்சைப் புழு வழியே நோயும் புகக்கூடும்.

எனவே, தீவனத்தைக் கேட்டறிந்து, நோய்ப் பரிசோதனைச் சான்றும் பெற்றே குஞ்சு வாங்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்கள் விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுகிறோம்.