கோடையை மறக்காத கடல்

வீட்டையே காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா? ஐரோப்பாவில் முடியும். கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் அடங்கிய அந்த வீட்டு வண்டிக்குக் காரவான் என்று பெயர். அப்படி ஒரு காரவானில் நாமும் ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கடற்கரையோரமாகப் புறப்படுவோம். வடக்கே எப்ரோ ஆற்றின் கழிமுகம். தெற்கே காபோ தெ காத்தா என்னும் முனை. இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓடிவிடக்கூடிய தூரந்தான். நாமோ மூன்று வாரம் எடுத்துக்கொள்வோம். அவசரமாய்ப் போகிறவனுக்குக் காரவான் எதற்கு?

மாதம் அக்டோபர். எப்ரோ கழிமுகத்தில் நெல் அறுவடை முடிகிற நேரம். சேற்று நீரில் பூநாரைகள் தலைகீழாக அலகை வைத்து இரை அரிக்கின்றன. காலையில் சற்றுக் குளிர்கிறது. ஆனால் கடலில் காலை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கிறது! ஆகஸ்டில் 26, 27 டிகிரி சென்டிகிரேடு இருந்த நீர் இப்போதும் 22 டிகிரி அளவில் இருக்கிறது. கரை மணலோ இரவில் சில்லிட்டுவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு?

ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதோடு, மணலில் பகல் வெப்பம் மேலாக நிற்கிறது; கடலிலோ அலைகள் அதைக் கலக்கிக் கலக்கிப் பல மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகின்றன. மெதுவாகச் சூடேறியது மெதுவாகத்தான் ஆறும். கோடை போன பின்னும் கடல் கோடையைப் பத்திரமாக வைத்திருக்கிறது. இலையுதிர் காலத்துப் பயணம் இங்கே இனிப்பதற்குக் காரணம் இதுவே.

அதே காரணந்தான் இங்கே ஆளையும் கொல்கிறது.

வலென்சியா நகரை நெருங்கும்போது ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே அகலமான, வறண்ட மணற்படுகைகள் குறுக்கிடும். இவற்றை ‘ரம்ப்லா’ என்பார்கள். மணல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆண்டின் பெரும்பாலான நாட்கள் சொட்டு நீர் இராது. சமதளம், நிழல், அமைதி! வண்டியை நிறுத்த இதைவிட நல்ல இடம் உண்டா என்று தோன்றும். நிறுத்திவிடாதீர்கள்.

வானில் ஐந்து கிலோமீட்டருக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றோட்டம் சில சமயம் வளைந்து நெளிகிறது. அப்போது வடக்கத்திய குளிர்காற்றில் ஒரு துண்டு அறுந்து, தனியே தெற்கே வந்து தங்கிவிடும். ஸ்பானியர் இதைக் ‘கோத்தா பிரியா’, அதாவது குளிர்த்துளி என்றார்கள்; இன்றைய வானிலையாளர் சொல்லும் பெயர் ‘தானா’. கீழே வெதுவெதுப்பான கடலிலிருந்து ஈரக்காற்று கரைக்கு வருகிறது. கரையை அடுத்து மலைகள். காற்று மலைமீது ஏறுகிறது. மேலே குளிர் காத்திருக்கிறது. நீராவி நீராகும்போது ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 580 கலோரி உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ள, இன்னும் ஈரக்காற்று கீழிருந்து வந்து சேர்கிறது. அறுந்த துண்டை இழுத்துச் செல்ல மேற்காற்று இல்லாததால் மேகம் நின்ற இடத்திலேயே நின்று கொட்டுகிறது.

எவ்வளவு கொட்டும்? 1987 நவம்பர் 3-ஆம் நாள் ஒலிவா என்னும் ஊரில் 817 மில்லிமீட்டர். 2024 அக்டோபர் 29 அன்று துரீஸ் என்னும் ஊரில் ஒரே மணி நேரத்தில் 184.6 மில்லிமீட்டர், நாள் முழுவதும் சேர்த்து 771. அந்த நீர் போயோ என்னும் ரம்ப்லா வழியாகப் பாய்ந்தது. வினாடிக்கு 2,000 கன மீட்டருக்கு மேல் ஓடியதைப் பதிவு செய்தபின் அளவுக் கருவியையே வெள்ளம் கொண்டுபோயிற்று. வேதனை என்னவென்றால், மிகுதியாக அழிந்த பைப்போர்த்தா முதலிய ஊர்களில் அன்று மாலை மழையே அதிகம் இல்லை. தலைக்கு மேல் மழை இல்லாதபோது யார் அஞ்சுவார்கள்? வானிலை நிலையம் காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. மக்களின் கைப்பேசிகளுக்கு அபாயச் செய்தி வந்ததோ இரவு எட்டு மணிக்குப் பின். ஸ்பெயினில் 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

வலென்சியா நகரின் மையப்பகுதி மட்டும் தப்பியது. 1957 அக்டோபரில் தூரியா ஆறு நகருக்குள் புகுந்து 80-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு, ஆற்றையே நகருக்குத் தெற்கே புதுக் கால்வாயில் திருப்பிவிட்டார்கள். பழைய படுகை இன்று பூங்கா. நாமும் அதில் ஒரு மாலை உலாவலாம்.

காரவான்காரர்கள் மறக்காத இடம் இன்னொன்று உண்டு. அது கடற்கரையில் இல்லை, பிரனீஸ் மலையில் பியெஸ்காஸ் என்னும் ஊர். அங்கே ஓர் ஓடை காலங்காலமாகக் கொண்டுவந்து விசிறிபோல் பரப்பிய வண்டல் மேட்டின்மீதே முகாம் அமைத்திருந்தார்கள். 1996 ஆகஸ்ட் 7 மாலை பெருமழை. ஓடை தன் பழைய வழிக்கே திரும்பியது. 87 பேர் மாண்டார்கள்.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். மத்தியதரைக் கடலும் சில பத்தாண்டுகளாகச் சூடேறி வருகிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பயணத்தைத் தொடர்வோம். எல்ச்சே நகரில் இரண்டு லட்சம் பேரீச்ச மரங்கள். குலைகள் பழுக்கும் பருவம். தோரெவியெஹாவில் இளஞ்சிவப்பு நிற உப்பு ஏரி. நுண்ணுயிர்கள் தந்த நிறம் அது. கடைசியாகக் காபோ தெ காத்தா. ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. துரீஸில் ஒரு நாளில் பெய்தது இங்கே ஏறத்தாழ நான்காண்டு மழை!

இங்கும் ரம்ப்லாக்கள் கடலை நோக்கி இறங்குகின்றன. காய்ந்த மணலின் நடுவே அரளிச் செடிகள் பசுமையாக நிற்கும். அடியில் ஈரம் இருப்பதற்கு அது அடையாளம். நம் வண்டியை அதற்கென்று ஒதுக்கிய முகாமில், மேட்டுப் பக்கமாக நிறுத்திவிட்டுக் குளிக்க இறங்குவோம். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.