பொம்மை வாங்குமுன் கோடு போடுங்கள்

மாயாவி, வாள்வீரன், பூதம் என்று ஆளுக்கு ஏழெட்டுப் பொம்மைகளை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்தி மோதவிடும் மினியேச்சர் ஆட்டங்களில் புதிதாக இறங்குகிறவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, பொம்மை வாங்கு என்பதுதான். 28 மில்லிமீட்டர் அளவுப் பொம்மை, அதற்குப் பெயின்ட், மெல்லிய பிரஷ், பிறகு இடிந்த கோபுரமும் பாலமும். வத்தலக்குண்டில் இருக்கும் ஒருவர் இதையெல்லாம் தபாலில் வரவழைத்து முடிப்பதற்குள் ஆசையே அடங்கிவிடும். இந்த வரிசை தலைகீழானது. ஆட்டத்தின் உயிர் பொம்மையில் இல்லை. சமமில்லாத இரண்டு தரப்புகள் ஒன்றுக்கொன்று இடத்தை மறிப்பதில் இருக்கிறது. அந்த வித்தை இந்தப் பக்கத்துத் திண்ணைகளுக்கு எப்போதோ தெரியும்.

இந்த வகை ஆட்டங்களின் முன்னோடிகளே கையில் இருந்ததை வைத்துத்தான் தொடங்கினார்கள். எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதியபோது, வீட்டுத் தரையில் புத்தகங்களையும் மரக்கட்டைகளையும் அடுக்கி மலையும் ஊரும் செய்தார். குழந்தைகளின் ஈயச் சிப்பாய்களே அவருடைய படை. 2015இல் ஜோசப் மக்கல்லோ எழுதி ஆஸ்ப்ரே வெளியிட்ட ‘ஃப்ராஸ்ட்கிரேவ்’, எந்தக் கம்பெனிப் பொம்மையை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று விட்டுவிடுகிறது. ஒரு மாயாவி, ஒரு சீடன், அதிகம் போனால் எட்டுக் கூலிவீரர்கள், அவ்வளவுதான் அணி. பனி மூடிய பாழ்நகரத்தில் புதையலை எடுத்துக்கொண்டு மேசை விளிம்பைத் தாண்ட வேண்டும். எதிரியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. முதல்முறை ஆடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். எதிரே நிற்பவனை வெட்டப் போய்விடுகிறார்கள், புதையல் கைமாறிவிடுகிறது.

ஆடுபுலி ஆட்டம் பழகியவருக்கு இந்தச் சபலம் குறைவாக இருக்கும். 23 புள்ளிகள், மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டவே உரிமை இல்லை. பதினைந்தும் இறங்கி முடியும்வரை ஓர் ஆடுகூட நகரக் கூடாது. இருந்தும் ஆடு ஜெயிக்கிறது. எப்படி? தன் முதுகுப் புள்ளியை இன்னொரு ஆட்டால் அடைத்துக்கொண்டு, புலி கால் வைக்கிற இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்குவதால். கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் இந்தக் கோடுகளைச் செதுக்கி வைத்த கைகளுக்குப் பலமில்லாதவன் எதை வைத்துச் சண்டை போடுவான் என்ற கேள்வி புதிதாக இருந்திருக்காது. மாயாவிக்கு எதிரே தடியோடு நிற்கும் கூலியாளுக்கும் அதே கேள்விதான்.

ஆடுபுலியில் அதிர்ஷ்டமே இல்லை, ஃப்ராஸ்ட்கிரேவில் இருபது முகப் பகடை உருள்கிறதே, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மிடம் தாயக்கட்டை இருக்கிறது, ஆனால் அதன் குணம் வேறு. இரண்டு கட்டைகளில் பதினாறு விதமாக விழலாம். மூன்று விழ நான்கு வழி, பன்னிரண்டுக்கு ஒரே வழி. நடு எண்களையே அது அதிகம் தரும். இருபது முகப் பகடைக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான். அதனால் சண்டைத் திறனில் 2 கூடுதலாக உள்ளவன் நூற்றுக்குச் சுமார் 57 தடவைதான் ஜெயிப்பான், 38 தடவை தோற்பான், மிச்சம் சமன். வீரனை நம்பித் தனியே அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். அதிர்ஷ்டம் கூடக்கூட, எங்கே நிற்கிறோம், எப்போது மோதாமல் நழுவுகிறோம் என்பதன் மதிப்பும் கூடுகிறது. பகடை ஆடுபுலியின் பாடத்தை மறுக்கவில்லை, கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொல்லிக்கொடுக்கிறது.

அப்படியானால் ஆடுபுலியே போதாதா, கடல் தாண்டி வந்தது எதற்கு? போதாது. நம் ஆட்டுக்குப் பெயரில்லை, நேற்று என்பதும் இல்லை. வெட்டுப்பட்டது அடுத்த ஆட்டத்தில் புதிதாக வந்து உட்காரும். ஃப்ராஸ்ட்கிரேவில் சாய்ந்த கூலிவீரன் செத்தானா, ஓர் ஆட்டம் படுத்துக் கிடப்பானா, தேறி வருவானா என்று ஆட்டம் முடிந்தபின் பகடை சொல்லும். மாயாவிக்குக் கண் போனால் போனதுதான். அடுத்தடுத்த ஆட்டங்களிலும் ஒற்றைக் கண்ணன். ஒன்று சிறுகதை என்றால் மற்றது தொடர்கதை. வத்தலக்குண்டு இரண்டுக்கும் ஆள் கொடுத்த ஊர்: 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடங்கிய ராஜம் ஐயரும், 1935 முதல் ‘மணிக்கொடி’யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி.எஸ். ராமையாவும் இந்த மண்ணின் ஆட்கள்தான்.

பொம்மைக்கு வர்ணம் தீட்டுவதே பாதி இன்பம் என்பவர்களோடு சண்டை இல்லை. ஆனால் அது தனிக் கலை. ஆட்டம் பிடித்த பிறகு வரட்டும். முதல் தடவைக்குச் சட்டைப் பொத்தானும் புளியங்கொட்டையும் ஆட்களாகட்டும், கவிழ்த்த டம்ளர் கோபுரமாகட்டும், சாக்பீஸ் கோடு மஞ்சளாறாகட்டும். ஆற்றில் இறங்கினால் ஓர் அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் செலவு. எதிரணியில் முனியையோ வேதாளத்தையோ நிறுத்தினால் விதி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. எந்தப் புளியங்கொட்டை மூன்று நான்கு ஆட்டம் தாண்டியும் பிழைத்து, வீட்டில் எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் நிலைக்கு வருகிறதோ, அதற்கு மட்டும் ஒரு பொம்மை தருவித்துக்கொள்ளலாம்.