ஜோடிக் கால்கள் – 14: இசைத்தட்டுக்காக ஒரு இசைக்குழு

பிளாக்பூல் எம்ப்ரஸ் மண்டபமும் அங்கே 1920-இல் தொடங்கிய நடன விழாவும் நினைவிருக்கும். இந்த வாரம் போட்டித் தளத்திலிருந்து மேடைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் விக்டர் சில்வெஸ்டர் வந்துவிட்டார். அவரை இரண்டு வரியில் முடிக்க மனம் வரவில்லை.

1900-இல் இங்கிலாந்தில் பிறந்த பாதிரியார் மகன். முதல் உலகப்போரில் வயதைக் கூட்டிச் சொல்லி ராணுவத்தில் சேர்ந்த சிறுவன். போர் முடிந்த பின் அவருக்குக் கிடைத்த வேலை, லண்டன் ஹாரட்ஸ் கடையின் மாலைத் தேநீர் நடனங்களில் ஜோடியில்லாமல் வரும் பெண்களுடன் ஆடுவது. அந்தத் தளத்திலிருந்து கிளம்பியவர் 1922-இல் ஃபிலிஸ் கிளார்க்குடன் ஆடி உலக பால்ரூம் பட்டத்தை வென்றார். பிறகு நடனப்பள்ளி நடத்தினார்.

பள்ளியில் அவரை வாட்டியது இசைத்தட்டு. பாடகரை முன்னிறுத்திய தட்டுகளில் ஆடுகிறவர் காலுக்கு வேண்டிய வேகம் நிற்கவில்லை. 1935-இல் தாமே ஒரு இசைக்குழு அமைத்தார். பாடகர் கிடையாது. வயலினும் சாக்ஸபோனும் மெட்டை ஏந்தும். இரண்டு பியானோக்களில் ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி அலங்கரிக்கும். வால்ட்ஸ் என்றால் வால்ட்ஸுக்கு உரிய காலப்பிரமாணம், முதல் சுரத்திலிருந்து கடைசிவரை மாறாமல். ஆட்டக்காரர் ஒருவர் காலால் கேட்டு உருவாக்கிய இசை அது. கோடிக்கணக்கில் விற்றது.

இதில் ஏன் இத்தனை நேரம் நிற்கிறேன் என்றால், இன்றைய போட்டி முழுக்க இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. தளத்தில் இறங்கும் ஜோடிக்கு எந்தப் பாட்டு வரும் என்று தெரியாது. வேகம் மட்டுமே தெரியும். குயிக்ஸ்டெப் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 தாளச்சுற்று, சுற்றுக்கு 4 தட்டு: நிமிடத்துக்கு 200 தட்டு! மாதக்கணக்கில் பழகிய அசைவுகளை, அந்தக் கணத்தில் காதில் விழும் மெட்டின் ஏற்ற இறக்கத்தோடு பொருத்த வேண்டும். அதே தளத்தில் மற்ற ஜோடிகளும் சுழல்வார்கள். மோதாமல் வழி பார்க்க வேண்டும். நடுவர் மதிப்பெண்ணைவிட எனக்கு வியப்பு தருவது இந்தக் காதும் கண்ணும்தான்.

ஆனால் சில்வெஸ்டரால் அதிகம் பயனடைந்தவர்கள் பொழுதுபோக்காக ஆடியவர்கள் என்பேன். 1941-இல் பிபிசி வானொலியில் அவர் நடன வகுப்பே நடத்தினார். ‘ஸ்லோ, ஸ்லோ, குயிக், குயிக், ஸ்லோ’ என்ற அவர் குரல் நாட்டுக்கே பழக்கமானது. கூடத்தில் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு அப்படிக் கற்றவர், எந்த ஊர் மண்டபத்திலும் முன்பின் தெரியாதவரோடு கைகோத்து ஆட முடிந்தது. கூட்டம் நெருக்கினால் அடியைக் குறுக்கிக்கொள்வார். போட்டிக்காரரைப் போல் தளத்தை நீளமாக அளக்க மாட்டார். ஆனாலும் இருவர் காலடியிலும் ஒரே தாளம். போட்டியை உயர்ந்தது என்றும் இதைச் சாதாரணம் என்றும் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேடையில் இந்தக் கட்டுகள் அவிழ்கின்றன. பாட்டை ஆடுபவரே தேர்வு செய்யலாம், நடுவில் வேகத்தை மாற்றலாம், வழக்கமான போட்டிகளில் தடையுள்ள தூக்கல்களையும் செய்யலாம். வெர்னன், ஐரீன் கேசில் தம்பதியில் தொடங்கி, அவர்களாகத் திரையில் நடித்த ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ் வரை அடுத்த வாரம்.