கீறலும் மெருகும்



விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்று நம் கைக்கு வருகின்றது. தந்தையார் அணிந்ததாக இருக்கலாம். நாமே பல்லாண்டு பொருள் சேர்த்து வாங்கியதாகவும் இருக்கலாம். அதன் கூட்டிலும் கண்ணாடியிலும் கீறல்கள் காணப்படுகின்றன. அவற்றைத் தேய்த்து நீக்கிப் புதியதுபோல் ஆக்கிவிடலாமா, இருந்தபடியே விட்டுவிடலாமா? இச்சிறிய வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், உலோகத்தின் இயல்பும் ஓரளவு தெரிந்திருத்தல் வேண்டும். ஒரு பொருளின் மதிப்பு எதில் தங்கியுள்ளது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலில், கீறல் எவ்வாறு உண்டாகின்றது? வன்மை மிகுந்த பொருள் வன்மை குறைந்த பொருளைக் கீறும். கனிமங்களின் வன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்திற்கு 10, நீலக்கல்லுக்கு 9, மணலிலுள்ள குவார்ட்சுக்கு 7 என்று எண்கள் தரப்பட்டுள்ளன. கடிகாரக் கூடு செய்யப் பயன்படும் துருவேறா எஃகும் சாதாரணக் கண்ணாடியும் குவார்ட்சுக்குக் கீழ்ப்பட்டவை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் சென்று வந்தால் நம் சட்டையில் படியும் புழுதியிலேயே மணல் துகள் இருக்கின்றது. அந்தச் சட்டைக் கையால் கடிகாரத்தைத் துடைத்தால் போதும், மெல்லிய கோடுகள் விழுந்துவிடும். செயற்கை நீலக்கல்லால் ஆன கண்ணாடியை மட்டும் மணல் ஒன்றும் செய்வதில்லை.

அடுத்து, மெருகேற்றுதல் என்றால் என்ன? பள்ளி மேசையில் ஒரு மாணவன் கத்தி முனையால் தன் பெயரைச் செதுக்கிவிடுகிறான். தச்சர் இழைப்புளியைக் கொண்டுவந்து இழைக்கிறார், பெயர் மறைந்துவிடுகின்றது. உண்மையில் அவர் பெயரை எடுக்கவில்லை. பெயர் எவ்வளவு ஆழம் சென்றதோ, அவ்வளவு ஆழத்துக்குச் சுற்றியிருந்த மரம் முழுவதையும் இழைத்து எடுத்துவிட்டார். மேசை அந்த அளவுக்கு மெலிந்தது. கடிகாரக் கூட்டிலும் நிகழ்வது இதுவே. கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை எடுக்க முடியாது. மேட்டைத்தான் குறைக்க முடியும்.

அம்பத்தூர்ப் பகுதியில் வாழ்வோருக்குப் பட்டறையில் சுழலும் துணிச்சக்கரம் புதிதன்று. 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் முதலிய தொழிற்சாலைகள் இங்கு வளர்ந்தன. அவற்றையொட்டிச் சிறு பட்டறைகள் பலவும் தோன்றின. மிதிவண்டியின் கைப்பிடியைக் குரோமிய முலாம் பூசுமுன் மெருகுப் பசை தடவிய சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்குவர். அங்கே அது தேவையான வேலை; தேய்ந்தாலும் கைப்பிடிக்குக் குறைவில்லை. அதே சக்கரத்தில் கைக்கடிகாரத்தைப் பிடித்தால் என்ன ஆகும்? கூர்மையாக இருந்த விளிம்புகள் மழுங்கும். வார் பொருந்தும் கொம்புகள் மெலியும். ஒரு பக்கம் கண்ணாடிபோலவும் மறுபக்கம் மென்கோடிட்டும் அமைத்திருந்த வேறுபாடு அழிந்து, எல்லாப் பக்கமும் ஒரே மினுமினுப்பாகிவிடும். பின்மூடியில் பொறித்த எழுத்துகள் மங்கும். மூடியும் ரப்பர் வளையமும் பொருந்தும் இடம் தேய்ந்தால், நீர் புகாமல் காக்கும் தன்மையும் குன்றும்.

பொன்முலாம் பூசிய கூடாயின் இடர் இன்னும் பெரிது. பழைய சுவிட்சர்லாந்துக் கடிகாரங்கள் சிலவற்றில் முலாமின் கனம் 20 மைக்ரான் என்று பொறித்திருப்பர். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 மைக்ரான் தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. சக்கரத்தில் சற்று நேரம் கூடுதலாகப் பிடித்தால், பொன் போய் அடியிலுள்ள பித்தளை வெளிப்பட்டுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆவடியில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அத்தகைய கடிகாரம் ஒன்றை என்னிடம் கொணர்ந்தார். அவருடைய தந்தையார் ஓய்வு பெற்ற நாளில் உடன் பணியாற்றியோர் ஒன்றுகூடி வாங்கிக் கொடுத்தது. பின்மூடியில் அவர் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. மகளின் திருமணத்தின்போது மருமகனுக்கு அதை அணிவிக்க வேண்டும் என்பது நண்பரின் விருப்பம்.

“ஐயா, இத்தனை கீறல்களோடு மாப்பிள்ளை கையில் எப்படிக் கட்டுவது? உள்ளே துடைத்து எண்ணெய் இடும்போதே மெருகும் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். அதற்குத் தனியாகக் கூலியும் இல்லையாம்” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மங்கல நாளில் புதுமையை விரும்புவது நம் மரபு. வீட்டில் அவருடைய தாயாரைக் கேட்டீர்களா என்று வினவினேன். மறுநாள் வந்து சொன்னார். கூட்டின் இடப்பக்கத்தில் இருந்த ஆழமான வடுவைத் தாயார் விரலால் தடவிப் பார்த்து, மிதிவண்டியிலிருந்து கணவர் விழுந்த நாளில் ஏற்பட்டது அது என்று கூறினாராம். மகனுக்கு அதுவரை அச்செய்தி தெரியாது. வீட்டில் அந்த அம்மையார் ஒருவருக்கே அந்த வடுவின் வரலாறு தெரிந்திருந்தது. சக்கரத்தில் பிடித்திருந்தால் அரை நிமிடத்தில் அது மறைந்திருக்கும்.

நண்பர் இரண்டு வேலைகளையும் பிரித்துக்கொண்டார். உள்ளே உள்ள இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் இடச் செய்தார். கண்ணாடியைத் தெளிவாக்கச் செய்தார். புதிய வார் மாட்டினார். “கூட்டையும் முகப்பையும் தொடவேண்டாம்” என்று கடைச் சீட்டிலேயே எழுதச் செய்தார். பேத்தியின் கணவர் கையில் அது வடுவோடுதான் ஏறியது.

கண்ணாடியை மட்டும் ஏன் தெளிவாக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு எச்.எம்.டி. நிறுவனம் 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதன் பழைய கடிகாரங்கள் பலவற்றில் உள்ள கண்ணாடி, அக்ரிலிக் என்னும் நெகிழி வகை. அதன் மேலெழுந்த கீறல்கள் மெருகுப் பசையால் மென்மையாகத் தேய்த்தாலே நீங்கும். நீங்காவிடில் வேறு கண்ணாடி பொருத்தலாம். எண்கள் எழுதிய முகப்போ அப்படிப்பட்டதன்று. அதைத் துடைக்க முயன்றால் எழுத்தே போய்விடும். இருளில் ஒளிரும்படி ரேடியம் பூசிய மிகப் பழைய முகப்புகளும் உண்டு. அத்தூள் உடலுக்குள் செல்வது தீங்கு. ஆகவே அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறத்தல் கூடாது.

இதே வினா நம் நாட்டுக் கலைச் செல்வங்களிலும் எழுந்ததுண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் ஒன்று ஏற்பட்டது. எஸ். பரமசிவன் என்னும் வேதியியல் அறிஞர் அங்குச் செப்புத் திருமேனிகளைக் காக்கும் பணியில் ஈடுபட்டார். மண்ணில் புதைந்து கிடந்த திருமேனிகளின் மேல் பசுமையான படலம் காணப்படும். உறுதியாகப் படிந்துவிட்ட படலம் உலோகத்துக்குத் தீங்கு செய்வதில்லை. அது பழைமைக்குச் சான்றாகவும் நிற்கும். வேறொரு வகை உண்டு. உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து, வெளிர்பச்சைத் தூளாகப் பூத்து, உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். அதனை வெண்கல நோய் என்பர். அதற்கு மருத்துவம் செய்யாவிடில் சிலையே அழியும். முன்னதை விட்டு வைத்தலும் பின்னதை நீக்குதலும் அறிவுடைய செயல்.

கடிகாரத்திலும் இப்பாகுபாடு பொருந்தும். மேலே உள்ள கோடுகள் வளர்வதில்லை, விட்டுவைத்தால் கேடில்லை. பின்மூடியின் இடுக்கில் வியர்வையின் உப்பு தங்கி எஃகை அரித்திருந்தாலோ, அவ்வழியே ஈரம் உள்ளே செல்லுமானாலோ, உடனே கைவைத்துச் சரிசெய்ய வேண்டும். அங்கே தயங்குவது தவறு.

விலையைப் பற்றியும் ஒரு சொல். பழங்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்போர், பலமுறை மெருகிட்ட கூட்டைவிட, கீறலிருப்பினும் விளிம்பு மழுங்காத கூட்டையே பெரிதும் விரும்புகின்றனர். 2009 மார்ச்சு மாதம் நியூயார்க்கில் காந்தியடிகளின் ஜெனித் சட்டைப்பைக் கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் செருப்பும் ஏலத்துக்கு வந்தன. அவை உள்ளிட்ட பொருள்கள் 18 லட்சம் டாலருக்குச் சென்றன. அக்கடிகாரத்தை அண்ணல் இடுப்பில் தொங்கவிட்டுப் பயன்படுத்தினார் என்பதற்காகவே உலகம் அதை நாடியது. அதன் பளபளப்பை எவரும் கேட்கவில்லை.

அப்படியானால் மெருகே கூடாதா? அவ்வாறு சொல்லமாட்டேன். நீங்களே வாங்கி நாள்தோறும் அணியும் எஃகுக் கடிகாரம், சட்டைத் துணியைக் கிழிக்கும் பிசிறு உடையதாயின், தேர்ந்த தொழிலாளியிடம் கொடுங்கள். எந்திரத்தை வெளியே எடுத்து வைத்து, விளிம்பு கெடாமல், கோடிட்ட பகுதியை மீண்டும் கோடிட்டே தருபவர் அவர். ஆழமான பள்ளத்தில் லேசர் ஒளியால் புது உலோகத்தை உருக்கிச் சேர்க்கும் முறையும் இப்போது உண்டு. அதிலும் நிரப்பிய இடத்தைச் சமன்செய்ய வேண்டியிருப்பினும், கூடு முழுவதும் மெலிவதில்லை.

முடிவெடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இக்கூடு எந்த உலோகம், முலாம் உண்டா? இக்கீறல் வளர்கின்றதா, இருந்தபடியே இருக்கின்றதா? இதில் யாருடைய பெயரோ நினைவோ பதிந்துள்ளது, அவரைக் கேட்டோமா? இவ்வேலையைச் செய்பவர் முன்பு செய்தவற்றைப் பார்த்தோமா? விடை தெளிவாக இல்லையாயின் ஓராண்டு பொறுத்திருங்கள். மெருகை அடுத்த ஆண்டும் இட்டுக்கொள்ளலாம். தேய்ந்துபோன உலோகத்தை அடுத்த ஆண்டு திரும்பப் பெற இயலாது. அதுவரையில் மென்மையான, புழுதியில்லாத துணியால் துடைத்து வாருங்கள்.