அடுக்குமாடிக்கும் ஒரு திண்ணை வேண்டும்

புதுச்சேரியில் புதிய பிளாட்டுகளுக்கு வரும் விளம்பரங்களில் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், கிளப் ஹவுஸ், விருந்து அரங்கு ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. வாங்க வரும் குடும்பத்தைப் பாருங்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளை பள்ளி விட்டு வரும்போது பெற்றோர் வீட்டில் இருப்பதில்லை. பாட்டிக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. இந்த வீட்டின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைச் சிரமமில்லாமல் கடத்த அந்தப் பட்டியலில் உள்ளவை எந்த அளவுக்கு உதவும்?

வசதி என்றால் என்ன என்று இந்த ஊரே நன்றாக யோசித்து வைத்திருக்கிறது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், வைசியாள் வீதியில் நடந்தால் அது கண்ணில் படும். மரத்தூண்கள் தாங்கும் சாய்வுக் கூரையோடு வீதியை ஒட்டித் தாழ்வாரம். வெயிலில் போகிற எவரும் அதன் நிழலில் ஒதுங்கலாம். அதற்கடுத்துத் திண்ணை. பிறகுதான் வாசற்கதவு. கதவைத் தாண்டினால் முற்றம், அதைச் சுற்றி அறைகள். ஊருக்கு ஓர் இடம், தெரிந்தவர்களுக்கு ஓர் இடம், வீட்டாருக்கு ஓர் இடம் எனப் படிப்படியாக உள்ளே போகும் அமைப்பு இது. திண்ணையில் உட்கார்ந்த தாத்தா தெருவில் விளையாடும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அதற்காக அவர் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவருக்கும் பேச்சுத்துணை கிடைத்தது. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலேறி வெளியே போனது. துணியும் வற்றலும் அங்கேயே காய்ந்தன.

இந்த வீதியின் வீட்டு முகப்புகளை மரபுரிமைப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ் சீரமைத்தது. அதற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. பழைய வீடுகளை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையே மாற்றத்துக்குச் சான்று: கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் முறையில், மேல்தளம் பிரெஞ்சு பாணித் தூண்களோடு. வாழ்க்கை மாறும்போது வீட்டையும் மாற்றிக்கொண்ட ஊர் இது.

அடுக்குமாடிக்கும் கான்கிரீட்டுக்கும் இதெல்லாம் ஒத்துவராது என்பவர்கள் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்த கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. பணிகள் 1930களின் பிற்பகுதியில் தொடங்கின. மேற்பார்வைக்கு வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் மரச்சாமான் வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமா. ஹைதராபாத் நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் பணம் கிடைத்ததால்தான் கோல்கொண்டா என்ற பெயர். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. தரையிலிருந்து கூரை வரை சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைப்பலகைகள். வெயிலும் மழையும் உள்ளே வராது, காற்று வரும். அறைக்கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆனவை. சாத்தினால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார், காற்று மட்டும் தடையில்லாமல் போகும். குளிர்சாதனம் பரவுவதற்கு வெகு முன்பே, நம் கடலோரப் புழுக்கத்துக்குக் கான்கிரீட்டில் இப்படியொரு பதில் கிடைத்துவிட்டது. இன்றைய பிளாட்டுகளில் ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள படுக்கையறையைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது.

சரி, இன்றைய குடும்பத்துக்கு என்ன வேண்டும்? முதலில் முதியவர்களைச் சொல்வேன். இந்த ஊரில் சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள், உண்டு. பிள்ளைகள் பிரான்சில், பெற்றோர் இங்கே. சென்னைக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர்களும் நிறைய. இவர்களுக்கு வாசலிலிருந்து லிஃப்ட் வரை ஒரு படிகூட இருக்கக் கூடாது. சாய்தளம் இருந்தால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும். செங்குத்தாகப் போட்ட சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறாது. ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவுக்கு லிஃப்ட் வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் லிஃப்ட் வாசலுக்குப் பக்கத்தில் காற்று வரும் இடத்தில் நாலு பேர் உட்காரும் திண்ணை வைக்க அதிகச் செலவாகாது. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் தங்க, கட்டடத்துக்குப் பொதுவாக ஒரு விருந்தினர் அறை இருந்தால், வருடத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும் மூன்றாவது படுக்கையறைக்கு யாரும் கடன் வாங்க வேண்டியிருக்காது.

குழந்தைகள் விளையாடும் இடம் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிய வேண்டும். கட்டடத்தின் பின்மூலையில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வைத்த ஊஞ்சலுக்கு எந்தத் தாயும் பிள்ளையைத் தனியாக அனுப்பமாட்டார். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குக் கிளப் ஹவுஸின் ஒரு பகுதியைக் கதவு சாத்திப் பேசக்கூடிய சிறிய அறைகளாக மாற்றலாம்.

புயலையும் மறக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயல் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் செய்தது. 2024 நவம்பர் 30-இல் கரை கடந்த ஃபெஞ்சல் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழையைக் கொட்டியது. கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் மக்களை மீட்க ராணுவம் வந்தது. ஆகவே மின்சாரப் பலகை தரைமட்டத்தில் இருக்கக் கூடாது. சம்பின் மூடி தெருவெள்ளம் ஏறாத உயரத்தில் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் லிஃப்டையும் தண்ணீர் மோட்டாரையும் ஓட்ட வேண்டும். நீச்சல் குளத்துக்கு முன்னால் பேச வேண்டிய வசதிகள் இவை.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. ரேரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி மொட்டை மாடி, படிக்கட்டு, லிஃப்ட், விளையாட்டு இடம், திறந்தவெளி வாகன நிறுத்தம், சம்ப் எல்லாமே பொது இடங்கள். திறந்தவெளி வாகன நிறுத்தத்தைத் தனியே விலைக்கு விற்க முடியாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டுமானக் குறை ஐந்து ஆண்டுக்குள் தெரியவந்தால் பில்டர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டினால் ரேரா பதிவு கட்டாயமில்லை. இத்தகைய சிறு கட்டடங்களில் வாங்குகிறவர்கள் பொது இடம் ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

ஒவ்வொரு வசதியும் மாதாமாதம் மெயின்டனன்ஸ் கேட்கும். அது ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வசூலும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். முன்பணம் கொடுப்பதற்கு முன், வீட்டில் உள்ள முதியவரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் கட்டடத்துக்குப் போங்கள். அவர்கள் எங்கே உட்காருவார்கள், எங்கே விளையாடுவார்கள் என்று பில்டரைக் காட்டச் சொல்லுங்கள்.