குறைந்த செலவில் அமைதியான ஓர் அறை

அரசுப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, இரவுப் பணி முடித்துப் பகலில் கண்ணயரும் தந்தை, பேறுகால ஓய்வில் இருக்கும் மகள், நோயுற்றுப் படுத்திருக்கும் முதியவர் – இவர்களுள் ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது. இவர்களுக்கு உணவைப் போன்றே அமைதியும் தேவை. ஆனால், நம் ஊர்களில் பல வீடுகள் தெருவை ஒட்டியும், ஒரே சுவரைப் பக்கத்து வீட்டோடு பங்கிட்டுக்கொண்டும் அமைந்தவை. வாகனங்களின் ஒலிப்பான், அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி, நம் வீட்டு மிக்ஸி என நாற்புறமும் இரைச்சல் சூழ்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, படுக்கையறைக்குள் தொடர்ந்து ஒலிக்கும் ஓசை 30 டெசிபெல்லைத் தாண்டலாகாது. இந்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளோ, குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பு கட்டியுள்ளன. சட்டம் முழுமையாகப் பின்பற்றப்பட்டாலும், இரவில் எஞ்சும் 15 டெசிபெல்லை நம் வீடுதான் தடுத்தாக வேண்டும். வீடு முழுவதையும் மாற்ற இயலாதவர்களும் ஓர் அறையை மட்டும் சிறு செலவில் சீர்படுத்திக்கொள்ள இயலும்.

உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு

அமைதி வேண்டுவோர் பலர் முதலில் தேடுவது முட்டை அட்டைகளையும் தெர்மாகோலையும்தான். அது வீண் செலவு.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விரிவுரைக் கூடம் ஒன்றில், பேச்சாளரின் குரல் ஐந்து நொடிகளுக்கு மேல் எதிரொலித்தது. அங்கே இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன், அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கூடத்தில் பரப்பி இரவுகளில் ஆராய்ந்தார். மெத்தைகள் கூடக்கூட எதிரொலி குறைந்தது. மென்மையான பொருள் அறைக்குள் எழும் ஓசையை உறிஞ்சும் என்பது இதனால் தெளிவு. ஆயின், வெளியோசை உள்ளே வருவதை அது தடுப்பதில்லை. தடுப்பதற்கு இரண்டு வேண்டும்: ஒன்று, இடைவெளியற்ற அடைப்பு, மற்றொன்று, கனம். தெர்மாகோலில் கனமில்லை, தீப்பற்றினால் பேராபத்தும் உண்டு.

முதற்செலவு இடைவெளிகளுக்கே

காற்று நுழையும் வழியெல்லாம் ஒலி நுழையும் வழியே. மூன்றடி அகலக் கதவின் அடியில் அரை அங்குலம் இடைவெளி இருந்தால், அது 18 சதுர அங்குலத் திறப்பு. ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டையின் பரப்பு. கதவில் அத்தகைய துளையை யாரேனும் வேண்டுமென்றே வெட்டி வைப்பார்களா?

இடைவெளிகளைக் கண்டறிய எளிய வழி உண்டு. இரவில் அடுத்த அறையில் விளக்கேற்றி, நம் அறையை இருளாக்கிக் கதவைச் சாத்துங்கள். எங்கெங்கு ஒளிக்கீற்று தெரிகிறதோ, அங்கெல்லாம் ஓசையும் வருகிறது. ஏழடி உயரக் கதவின் மூன்று பக்க நிலைக்கும் 17 அடி ரப்பர் பட்டை போதும். அடிப்பகுதிக்குத் தரையைத் தொடும் ரப்பர் பட்டையைத் தனியே பொருத்த வேண்டும். சுவர் வெடிப்புகளையும் நிலையைச் சுற்றியுள்ள பிளவுகளையும் பூச்சால் அடைத்துவிடலாம்.

கதவு, ஜன்னல், சுவர்

தட்டினால் வெற்றொலி தரும் உள்ளீடற்ற கதவுகள் ஓசையைத் தடுக்கமாட்டா. அதன்மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றைப் பதித்தால் கனம் கூடும். கீல்கள் அந்தக் கனத்தைத் தாங்குமா எனத் தச்சரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

தெருப்பக்க ஜன்னலுக்கு உட்புறமாக, நான்கு அங்குலம் தள்ளி இரண்டாவது கண்ணாடிக் கதவு அமைப்பது சிறந்தது. அதற்கு இயலாதோர், ஜன்னற்குழியின் அளவுக்கு ஒரு பலகையை வெட்டி, விளிம்பில் ரப்பர் ஒட்டிக் கைப்பிடி வைத்துக்கொள்ளலாம். படிக்கும் நேரத்தில் பொருத்தி, பின்னர் எடுத்துவிடலாம். தடித்த திரைச்சீலையின் பயன் சிறிதளவே.

பூசிய செங்கற்சுவர் தன் கனத்தாலேயே நல்ல தடுப்பு. அதையும் மீறிப் பேச்சு தெளிவாகக் கேட்டால், சுவர் கூரை வரை எட்டுகிறதா என்று பாருங்கள். ஓட்டு வீடுகளில் தடுப்புச் சுவருக்கும் கூரைக்கும் இடையே விடப்படும் வெளியே பெருங்குற்றவாளி. சுவரின் இருபுறமும் முதுகோடு முதுகாக அமைந்த மின்பெட்டிகளும் ஓசைக்கு வழிவிடும். அவற்றை மின்பணியாளரைக் கொண்டே அடைக்க வேண்டும்.

காற்றை மறவாதீர்

ஓசையை அடைத்த அறையில் காற்றும் அடைபடும். எனவே, இரைச்சல் வரும் பக்கத்தை மட்டும் அடைத்து, அமைதியான பக்கத்து ஜன்னலையோ வெண்டிலேட்டரையோ திறந்து வையுங்கள். அடைபட்ட அறையில் கரியடுப்போ சாம்பிராணிக் கங்கோ வைப்பது உயிருக்கே ஆபத்து. அதன் நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. நோயாளியின் அறையானால், அவர் குரல் பிறருக்குக் கேட்காது போகலாம். படுக்கையருகே ஓர் அழைப்பு மணி இருப்பது கட்டாயம்.

அடுத்த வீட்டையும் நினைப்போம்

இத்தனை செய்தும் முழு நிசப்தம் கிட்டாது. ஆயினும், ஓசை 10 டெசிபெல் குறைந்தாலே செவிக்கு அது பாதியாகத் தோன்றும். படிக்கும் பிள்ளைக்கு அதுவே பெரிய உதவி.

நமக்கு அடுத்த வீட்டு ஓசை தொல்லையானால், நம் ஓசை அவர்களுக்கும் தொல்லைதானே? மிக்ஸி, தையல் இயந்திரம் ஆகியவற்றின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பை இடுங்கள்; பொதுச்சுவரை விட்டு அவற்றைத் தள்ளி வையுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை மாட்டுங்கள். ரமலானில் ஸஹர் உணவுக்கு அரைக்க வேண்டியதை முன்னிரவிலேயே அரைத்து வைத்தால், சுவருக்கு அப்பால் உறங்கும் குழந்தை விழிக்காது. ஓசையை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான் எல்லாவற்றிலும் செலவு குறைந்த வழி. அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவதும் அதுவே.